மலைநாட்டுக்கு வந்த மீன்

கண்டி மாநகருக்குக் கிழக்கே, மகாவலி கங்கைக்கு அப்பால், தும்பறைப் பள்ளத்தாக்கில் அமைந்துள்ளது பல்லேகல. 335 கிலோமீற்றர் நீளமுடைய மகாவலி, இலங்கையின் ஆறுகள் யாவற்றினும் நீண்டது. கண்டியரசர் காலத்தில் அது தலைநகரைக் காத்து நின்ற இயற்கை அகழியாக விளங்கிற்று. 1815ஆம் ஆண்டில் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் வசமாயிற்று. அகழியின் பணியும் முடிவுற்றது. புதிதாக வந்தோர் மலைநாட்டு ஆறுகளை வேறொரு கண்கொண்டு நோக்கினர்.

தோட்டத் துரைமாராக வந்தவர்களுட் பலர் ஸ்கொத்லாந்து நாட்டினர். அந்நாட்டு ஆறுகளான டே, ஸ்பே, டுவீட் என்பன சால்மன் மீனுக்குப் பெயர் பெற்றவை. நன்னீரிற் பிறந்து, கடலிற் சென்று வளர்ந்து, முட்டையிடும் பருவத்திலே தான் பிறந்த ஆற்றையே தேடித் திரும்பும் மீன் அது. அவ்வாற்றங்கரைகளில் தூண்டிலுடன் நிற்பதைப் பெரும்பேறாகக் கருதி வளர்ந்தவர்களுக்குக் கோப்பியும் தேயிலையும் செல்வத்தைத் தந்தன. அந்த மீனை மட்டும் தரவில்லை.

அக்குறையைத் தீர்க்கும் வழி ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தது. 1864ஆம் ஆண்டில், பனிக்கட்டியிடையே வைத்து இங்கிலாந்திலிருந்து கப்பலேற்றிய சால்மன், டிரவுட் முட்டைகள் தஸ்மேனியாத் தீவை உயிருடன் சென்றடைந்தன. அங்கே சால்மன் நிலைபெறவில்லை. அதன் உறவினமாகிய டிரவுட், கடலை நாடாது ஆற்றிலேயே வாழவல்லதாதலின், பல்கிப் பெருகிற்று.

அடுத்து இலங்கையின் முறை வந்தது. 1880ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் நுவரெலியாவின் குளிர்ந்த ஓடைகளிற் பழுப்பு டிரவுட் விடப்பட்டது. அது இங்கே தானாக இனம்பெருக்கி நிலைக்க மாட்டாதாயிற்று. பின்னர் வந்த வானவில் டிரவுட்டே ஹோட்டன் சமவெளியின் நீரோடைகளில் வேரூன்றிற்று. அமெரிக்காவின் மேற்குக் கரைக்குரிய அவ்வினத்தைப் பசிபிக் சால்மன் வகுப்புக்குள்ளேயே விஞ்ஞானிகள் 1989ஆம் ஆண்டிற் சேர்த்தனர். எனவே, துரைமார் விரும்பியதற்கு மிக நெருங்கிய உறவே மலையுச்சியில் வந்து குடியேறியது எனலாம்.

ஹோட்டன் சமவெளியிற் பிறக்கும் அக்ரா ஓயா, கொத்மலை ஓயாவுடன் கூடி மகாவலியைச் சேர்கின்றது. அந்த நீரே பின்னர் பல்லேகலயின் அருகாற் பாய்கின்றது. ஆனால் நீர் இறங்கிய வழியே மீன் இறங்கவில்லை. தாழ்ந்த பள்ளத்தாக்கின் வெதுவெதுப்பான நீர் டிரவுட்டுக்கு ஒவ்வாது.

அப்பள்ளத்தாக்கு மீனின்றி வறண்டு கிடந்ததா? இல்லை. பெருஞ்செதில்களையுடைய மகாசீர் என்னும் கெண்டையினம் மகாவலியில் வாழ்ந்து வந்தது. மழைக்காலப் பெருக்கிலே முட்டையிடுவதற்காக நீரோட்டத்தை எதிர்த்து ஏறுவது அதன் இயல்பு. தூண்டிலில் அகப்பட்டபின் போராடும் வலிமையில் மகாசீர் சால்மனையும் விஞ்சும் என்று, சென்னை மாகாணத்தில் அதிகாரியாயிருந்த ஹென்றி சலிவன் தோமஸ், 1873ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலிலே எழுதினார். பிறந்தகத்து மீனையே எண்ணியிருந்தோர்க்கு, காலடியில் ஓடிய ஆற்றின் பெருமை எளிதிற் புலப்படவில்லை.

மற்றொரு மீனும் உண்டு. பாறைகளிடையே விரைந்து பாயும் நீரை விரும்பும் அப்பச்சைநிறக் கெண்டையினம், மகாவலியின் மேற்பகுதிக்கே உரியது. உலகில் வேறெந்த நாட்டிலும் இல்லாதது. 1917ஆம் ஆண்டில் அதற்கு விஞ்ஞானப் பெயரிட்ட இருவருள் ஒருவர் டேவிட் ஸ்டார் ஜோர்டன். பசிபிக் சால்மன் மீன்களை ஆராய்ந்து புகழ்பெற்ற அமெரிக்க அறிஞர் அவர்.

பெயர் கிடைத்தது, காப்புக் கிடைக்கவில்லை. 1976ஆம் ஆண்டிற் பொல்கொல்லை அணை ஆற்றின் குறுக்கே எழுந்தது. 1985ஆம் ஆண்டில் 122 மீற்றர் உயரமான விக்டோரியா அணை திறந்துவைக்கப்பட்டது. வயல்களுக்கு நீரும் நாட்டுக்கு மின்சாரமும் கிடைத்தன. அதற்கு ஈடாகப் பழைய தெல்தெனியா நகரம் நீருள் மறைந்தது. பச்சைக் கெண்டை வாழ்ந்த விரைநீர்ப் பாறைகளும் அசைவற்ற நீரின் அடியிற் போயின. அந்த மீன் இன்று அழிவை எதிர்நோக்கும் இனங்களின் பட்டியலில் இடம்பெறுகின்றது.

கடல்கடந்து வந்த விருந்தாளிக்கு நுவரெலியாவில் குஞ்சு பொரிக்கும் நிலையம் அமைத்தார்கள். அதனைப் பேணத் தனிக் கழகமும் கண்டார்கள். மண்ணுக்குரிய மீன் கேட்டதோ, தடையின்றிப் பாயும் சிறிதளவு நீர் மாத்திரமே. பல்லேகலயை அடுத்து எஞ்சியுள்ள விரைநீர்ப் பகுதிகளைக் காண்போர், அங்கே சால்மனைத் தேடவேண்டியதில்லை. அந்த ஆற்றுக்கென்றே பிறந்த மீன் இன்னும் அங்கே உண்டா என்று தேடுதலே தகும்.