வடக்கின் ஐவர் – 4: பின்லாந்துக்கு ஒரு வாசல்

1949 ஜனவரியில் ஸ்காண்டிநேவியப் பாதுகாப்புக் கூட்டணிப் பேச்சு முறிந்ததைப் போன வாரம் பார்த்தோம். ஏப்ரலில் டென்மார்க்கும் நார்வேயும் ஐஸ்லாந்தும் நேட்டோவில் சேர்ந்தன. ஸ்வீடன் நடுநிலையில் நின்றது. பின்லாந்தோ 1948-லேயே சோவியத் யூனியனோடு ஒப்பந்தம் போட்டுவிட்டது. ஆளுக்கொரு திசை. இவர்கள் இனிக் கூடி எதைப் பேசுவது?

1951-இல் அதற்கு வழி சொன்னவர் டென்மார்க்கின் ஹான்ஸ் ஹெட்டாஃப்ட். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கூடட்டும். அமைச்சர்கள் வந்து பேசலாம், வாக்களிக்கக் கூடாது. அவை சட்டம் போடாது, அரசுகளுக்குப் பரிந்துரை மட்டும் செய்யும். கேட்க எளிமையாக இருக்கிறது, இல்லையா? யாருடைய இறையாண்மையிலும் கை வைக்காததால்தான் அது பிழைத்தது என்பது என் உறுதியான எண்ணம். 1953 பிப்ரவரியில் கோபன்ஹேகனில் நார்டிக் கவுன்சில் முதன்முறையாகக் கூடியது. தலைவர் ஹெட்டாஃப்ட்.

பின்லாந்து வரவில்லை. அந்த அவை நேட்டோவின் கையாள் என்று மாஸ்கோ பத்திரிகைகள் சாடிக்கொண்டிருந்தன. ஹெல்சிங்கியிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், போர்க்கலாவில், 1944 முதல் சோவியத் கடற்படைத் தளம். துர்க்கு செல்லும் ரயில் அந்தப் பகுதிக்குள் நுழையுமுன் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைப்பார்கள். சொந்த மண்ணைக் கண்ணால் பார்க்கவும் பயணிகளுக்கு அனுமதியில்லை. அந்த நாடு எந்தத் துணிச்சலில் கையெழுத்திடும்?

மற்ற நால்வரும் அதைப் புரிந்துகொண்டார்கள். பின்லாந்து அரசு கேட்டால் அதன் பிரதிநிதிகள் பங்கேற்கலாம் என்று விதியிலேயே எழுதி வைத்தார்கள். அதோடு விடவில்லை. 1952-இல் பாஸ்போர்ட் இல்லாமல் எல்லை கடக்கும் உரிமை வந்தபோதும், 1954-இல் பொது வேலைச் சந்தை பிறந்தபோதும் பின்லாந்துக்காரர்களைச் சேர்த்துக்கொண்டார்கள். உறுப்பினர் ஆகாத நாட்டின் தொழிலாளி ஸ்டாக்ஹோமில் வேலை அனுமதிச் சீட்டு கேட்காமல் வேலைக்குப் போனார்! அண்டை நாட்டுக்கு இதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கிறது?

1955 ஜனவரி. கவுன்சில் ஸ்டாக்ஹோமில் கூடியிருந்தது. டென்மார்க்கின் பிரதமராக வந்திருந்த ஹெட்டாஃப்ட், 29-ஆம் தேதி அங்கேயே மாரடைப்பில் இறந்தார். வயது 51. பின்லாந்து உள்ளே வருவதை அவர் பார்க்கவில்லை.

அதே ஆண்டு செப்டம்பரில் மாஸ்கோவிலிருந்து ஓர் அழைப்பு. எண்பத்து நான்கு வயதுக் குடியரசுத் தலைவர் பாசிகிவி, பிரதமர் கெக்கோனனோடு கிளம்பினார். ஐம்பது ஆண்டுக் குத்தகைக்கு வாங்கிய போர்க்கலாவை, பதினோரே ஆண்டில் திருப்பித் தரத் தயார் என்றது கிரெம்ளின்.

பதிலுக்கு ஒன்று கேட்டது.

(அடுத்த வாரம்)