திருவனந்தபுரத்து நட்சத்திர பங்களா

திருவனந்தபுரத்தில் ஒரு குன்றின்மேல் வானாய்வுக்கூடம் ஒன்று உண்டு. மலையாளத்தில் நட்சத்திர பங்களா என்பர். அதன் வரலாறு ஒரு வணிகரிடத்தில் தொடங்குகிறது. ஆலப்புழையில் திருவிதாங்கூர் அரசின் வணிக முகவராயிருந்த ஜான் கால்டிகாட், 1832 முதற்கொண்டு தம் சொந்தக் கருவிகளால் விண்மீன்களை அளந்து வந்தார். இதனை அறிந்த சுவாதித் திருநாள் மகாராஜா (நாம் இசைக்காகவே நினைவுகூரும் அதே மன்னர்) 1837இல் கூடத்தை அமைத்து, அவரையே தலைவராக்கினார். கருவிகள் வாங்க அவரே ஐரோப்பா சென்று வந்தார்.

தொலைநோக்கி, வாங்கி வைத்த மாத்திரத்தில் பயன் தருவதன்று. சுழலும் வானில் ஒரு மீனைத் தொடர வேண்டுமாயின், கருவியின் அச்சு வடதுருவத்தை நோக்குதல் வேண்டும். அதன் சாய்வு அவ்வூரின் அட்சரேகைக்குச் சமம். லண்டனில் 51½ பாகை, நம் நேயர் பலர் வாழும் தில்லியில் 28½, திருவனந்தபுரத்திலோ 8½தான்! அச்சு ஏறத்தாழப் படுத்தே கிடக்கும். துருவமீனும் தொடுவானத்து மூட்டத்தில் மங்கிவிடும். ஆகவே உச்சியருகே ஒரு மீனையும் கீழ்வானில் ஒரு மீனையும் நோக்கி, அவை வழுவும் திசையறிந்து அச்சைத் திருத்துவர். சிறு பிழையைக் கண் பொறுக்கும், நிழற்படம் பொறாது. அதில் மீன் புள்ளியாக நில்லாமல் கோடாகிவிடும்.

மழைமேகமோ இருமுறை வந்து வானை மூடும் ஊர். 1849இல் கால்டிகாட் மறைந்தார். அவருக்குப்பின் வந்த ஜான் ஆலன் பிரௌன் காந்த ஊசியிடம் திரும்பினார். அதற்கு மேகம் தடையன்று. 1855இல் அகத்தியமலை உச்சியிலும் கருவிகளை நிறுவினார். காந்த நடுக்கோடு அப்பகுதிக்கு அருகே செல்கிறது. 1962இல் தும்பாவை ராக்கெட் தளமாகத் தேர்ந்ததும் அதே கோட்டின் பொருட்டே.