நான்கு விசைகளும் ஒரு மலைச்சரிவும்

எடை, ஏற்றம், உந்துதல், இழுவை: விமானத்தைப் பறக்கவைப்பவை இந்த நான்கு விசைகள் என்று பாடப்புத்தகம் சொல்லிக் கடந்துவிடுகிறது. விசைகள் ஆதிமுதல் உண்டு. அவற்றைப் பிரித்துப் பார்த்த பார்வைக்கு வரலாறு உண்டு. பறவையைப் பார்த்த மனுசன் இறக்கையை அடிச்சாத்தான் பறக்கலாம்னு வெகுகாலம் நம்பினான். 1799இல் இங்கிலாந்தின் ஜார்ஜ் கெய்லி ஒரு வெள்ளித்தகட்டின் ஒருபக்கம் அசையா இறக்கை கொண்ட விமானத்தையும், மறுபக்கம் இறக்கைமேல் செயல்படும் விசைகளையும் பொறித்தார். தூக்குவது ஒரு வேலை, முன்னே தள்ளுவது வேறு வேலை என்று பிரித்தார். 1903இல் ரைட் சகோதரர்களின் 12 விநாடிப் பறத்தல் இந்தப் பிரிவினையின்மேல் நிகழ்ந்ததுதான்.

ஏற்றம் குறித்து வகுப்பறைகளில் ஒரு கட்டுக்கதை உலவுகிறது. இறக்கையின் மேலும் கீழும் பிரிந்த காற்று பின்விளிம்பில் ஒரே நேரத்தில் சந்திக்கணுமாம். அதனால் மேற்காற்று வேகமாக ஓடுகிறதாம். அப்படி எந்த விதியும் இல்லை. மேற்காற்று முந்திப் போய்விடுகிறது. இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது, காற்று இறக்கையை மேலே தள்ளுகிறது. மேற்புறத்தில் அழுத்தம் குறைவது இதே நிகழ்வின் இன்னொரு முகம்.

நம்ம போடிப் பக்கம் ஆகாயவழி என்பது முதலில் கம்பிவழிதான். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மூணாறு தேயிலை, டாப் ஸ்டேஷனிலிருந்து கொட்டகுடிக்குக் கம்பியில் தொங்கி இறங்கியது. கம்பிக்கு வேகம் தேவையில்லை. நின்றாலும் பெட்டி தொங்கும். இறக்கை விமானத்துக்கு வேகம் போனால் ஏற்றமும் போச்சு. அதைத் தாங்கும் காற்றோ மேலே போகப்போக மெலிகிறது. போடிமெட்டு உயரத்தில் கடல்மட்டத்தைவிடச் சுமார் எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதே எடையைத் தூக்க அதிக வேகமும் நீண்ட ஓடுபாதையும் வேண்டும். சமதரை அரிதான ஏலமலையில், வண்டிப்பெரியாறு அருகே சத்திரத்தில் என்.சி.சி.யின் சிறு விமானம் 2022 டிசம்பரில்தான் இறங்க முடிந்தது.

2018 மார்ச் 11 அன்று குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேற்றத்துக்கு வந்தவர்கள் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்கள் அனுப்பப்பட்டன. ஹெலிகாப்டரும் சுழலும் இறக்கையால் காற்றைக் கீழே தள்ளித்தான் நிற்கிறது. தீச்சூட்டில் அந்தக் காற்று மேலும் மெலியும். ஆனால் முதலில் சரிவேறிப் போனவர்கள் ஊர்க்காரர்கள். இருட்டில், காயம்பட்டவர்களைத் தூக்கி இறக்கினார்கள்.

பாடப்புத்தகப் படத்தில் எடை என்பது கீழ்நோக்கிய ஓர் அம்பு. அதை எதிர்த்து மேல்நோக்கி இன்னொன்று உண்டு. மலையில் அந்த இரண்டாவது அம்பு பெரும்பாலும் மனிதத் தோள்தான். கிள்ளிய தேயிலையையும் பறித்த ஏலக்காயையும் சுமந்ததும் அதே தோள். நம் தொழில்நுட்ப வரலாறுகள் கம்பியையும் விமானத்தையும் எழுதுகின்றன. இந்த விசைக்கு இன்னும் பெயரிடவில்லை.