மகமை (அருப்புக்கோட்டை – திருச்சுழி வட்டாரம்)

மகமை என்பது வணிகர்கள் வாங்கி விற்கும் சரக்கின்மேல் தாங்களே விதித்துக்கொண்டு ஊர்ப் பொதுக்காரியத்துக்கு எடுத்துவைக்கும் பணம். தமிழ்நாட்டின் பல வணிகச் சமூகங்களிடம் இந்த வழக்கம் உண்டு. ஆனால் இன்றைய விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருச்சுழி அடங்கிய மானாவாரிப் பகுதியில் அது கிணறு, சாவடி, கோயில், பள்ளி, கல்லூரி, கல்யாண மண்டபம் என்று ஊரின் பொதுவாழ்வையே தாங்கும் அளவுக்கு வளர்ந்தது. அரிமா சங்கமும் ரோட்டரியும் இந்தப் பக்கம் எட்டிப்பார்ப்பதற்கு நெடுங்காலம் முன்பே சந்தா, தண்டம், முறைவைத்துச் சுற்றும் பதவி, கூட்டத்தில் ஒப்புவிக்கும் கணக்கு எல்லாம் கொண்ட சேவை அமைப்பு இங்கே இருந்தது. அதன் பெயர் உறவின்முறை. அதன் வருவாய் மகமை.

முன்வரலாறு

சரக்கின்மேல் பொது நிதி பிரிப்பது தமிழ் வணிகத்தில் மிகப் பழைய பழக்கம். சிவகங்கை மாவட்டம் பிரான்மலையில் உள்ள 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றில், ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் உப்பு, நெல், பாக்கு, மிளகு, பருத்தி, நூல் எனச் சரக்குவாரியாகக் கோயிலுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்ட ‘பட்டணப் பகுடி’யின் விவரம் வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் உப்பு விற்கப் பழனிக்குப் போன நகரத்தார், முருகன் பேரில் மகமை ஒதுக்கிய செய்தி பழனி ஆவணங்களில் உண்டு. வட இந்தியச் சந்தைகளில் இதே வழக்கம் தர்மதா என்ற பெயரில் நடந்தது. இவற்றில் பெரும்பகுதி தெய்வத்துக்குப் போனது. அருப்புக்கோட்டை வட்டார மகமை தொடக்கத்திலேயே வண்டிக்கும் மாட்டுக்கும் போனது என்பதுதான் அதன் தனித்தன்மை.

பேட்டையும் உறவின்முறையும்

இந்த நிலம் வானம் பார்த்த பூமி. ஆண்டுக்கு ஏறத்தாழ 800 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும். திருச்சுழி வழியே ஓடும் குண்டாறு ஆண்டின் பெரும்பகுதி வெறும் மணல். கண்மாய் பெருகினால் நெல். இல்லையென்றால் கம்பு, குதிரைவாலி, பருத்தி, வத்தல், மல்லி. நிலத்தை மட்டும் நம்பியவனுக்கு நாலு வருஷத்தில் ஒரு வருஷம் பஞ்சம் என்ற நிலையில், வாங்கி விற்பவனுக்கு இங்கே இடம் இருந்தது.

1801இல் பாளையக்காரர் போர்கள் ஓய்ந்து பாதைகள் ஓரளவு நிம்மதியானபின், திருநெல்வேலிச் சீமையிலிருந்து நாடார் வணிகர்கள் கருப்பட்டி, கருவாடு, உப்பு, புகையிலை ஏற்றிய மாட்டுவண்டிகளோடு வடக்கே வந்தார்கள். சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், சாத்தங்குடி, பாளையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் அவர்கள் நிலைகொண்ட இடங்கள். வழியில் கொள்ளை பயம் மட்டும் அவர்களுக்குத் தொல்லை இல்லை. எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தக் கிணற்றில் இறைக்கலாம் என்பதிலும் சாதி குறுக்கே நின்ற காலம் அது. அந்நியராக வந்து இறங்கியவர்களுக்கு இராத்தங்க இடமில்லை. ஆகவே மதில் சூழ்ந்த பேட்டைகளைத் தாங்களே கட்டிக்கொண்டார்கள். உள்ளே வண்டி நிறுத்தலாம், மாடு கட்டலாம், சரக்கை இறக்கிவைத்துக் காவல் போடலாம். சொந்தமாகக் கிணறும் இருக்கும். பேட்டையில் இறங்கும் ஒவ்வொருவரும் வருமானத்தில் ஒரு பங்கு கொடுத்தார்கள். அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்களைப் பற்றிய நூலில், அச்சமூகத்தின் எழுச்சிக்கு இந்த நிதியை அடிப்படையான காரணங்களில் ஒன்றாகக் காட்டுகிறார்.

பேட்டை ஊரானதும் நிதியை ஆள ஓர் அமைப்பு தேவைப்பட்டது. அதுதான் உறவின்முறை. மணமான ஒவ்வோர் ஆணும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு வரி, வணிகத்துக்கு மகமை என இரண்டு வருவாய். மகமை வருமானப் பங்கு என்ற நிலையிலிருந்து மெல்ல மாறி, மூட்டைக்கு இவ்வளவு, பொதிக்கு இவ்வளவு என்று சரக்கின் அளவோடு ஒட்டிக்கொண்டது. இந்த மாற்றம் சிறியதாகத் தெரிந்தாலும் மகமை நின்று நிலைத்ததற்கு இதுவே காரணம் என்று சொல்லவேண்டும். லாபத்தில் பங்கு கேட்டால் லாபமே வரவில்லை என்று கையை விரிக்கலாம். மூட்டையை எண்ணுவதில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. கொடுப்பவரின் மனம் இளகுவதற்காக யாரும் காத்திருக்கவும் வேண்டியதில்லை.

பணம் பிரிக்கும் பொறுப்பு முறைகாரர்களுடையது. அந்தப் பதவி குடும்பங்களுக்குள் முறைவைத்துச் சுற்றியது. வணிகத் தகராறு, பாகப் பிரிவினை, கணவன் மனைவி பிணக்கு எல்லாம் உறவின்முறைக் கூட்டத்துக்கு வந்தன. கட்டுப்பாட்டை மீறினால் தண்டம். தண்டத்தையும் கட்டாவிட்டால் விலக்கம். விலக்கப்பட்டவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்பது மிகக் கடுமையான தண்டனை. பொதுப்பணம் சிந்தாமல் சேர்ந்ததற்கு நம்பிக்கை பாதி, இந்த அச்சம் பாதி.

கமுதி வழக்கு

திருச்சுழிக்குத் தென்கிழக்கே உள்ள கமுதியில், 1897 மே 14 அன்று நாடார்கள் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்து வழிபட்டார்கள். இராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடுத்தார். மதுரையில் தொடங்கிய வழக்கு சென்னை உயர்நீதிமன்றம் வழியாக லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1908இல் நாடார்களுக்கு எதிராக முடிந்தது. இடையில் 1899இல் சிவகாசிக் கலவரமும் நடந்தது. பத்தாண்டுக்கு மேல் வழக்காடுவது தனி ஒருவரின் கையிருப்பால் நடக்கிற காரியமில்லை. ஊர் ஊராகப் பணம் திரட்டப்பட்டது. தோல்விக்குப் பின் 1910இல் பொறையாறு ரத்தினசாமி நாடார் முயற்சியில் நாடார் மகாஜன சங்கம் உருவானது. தனித்தனி உறவின்முறைகளுக்கு மேல் ஒரு பொது மேடை அமைந்தது அப்போதுதான். சங்கத்தின் முயற்சியில் 1921இல் தூத்துக்குடியில் தொடங்கிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கண்டைல் வங்கி எனப் பெயர் மாறியது.

பிடியரிசியும் பள்ளியும்

கோயில் கதவு அடைபட்டிருந்த அதே காலத்தில் பள்ளிக் கதவைத் தாங்களே செய்து மாட்டிக்கொண்டார்கள். 19ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் விருதுநகர் உறவின்முறை நிறுவிய சத்திரிய வித்தியாசாலை இலவசக் கல்வி தந்தது. அதன் செலவுக்கு மகமையோடு பிடியரிசியும் சேர்ந்தது. உலை வைக்கப் போகும் பெண், அளந்தெடுத்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியை அடுப்பங்கரையில் இருக்கும் தனிக் கலயத்தில் போட்டுவிடுவாள். கலயம் நிறைந்ததும் ஆள் வந்து வாங்கிப்போவார். அரிசி விலையாகிப் பள்ளிக் கணக்கில் ஏறும். கடை வைத்தவரிடம் மகமை, கடையில்லாதவர் வீட்டிலும் பிடியரிசி. உறவின்முறைக் கூட்டத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆனால் நாள்தோறும் தவறாமல் நிதி போட்டவர்கள் அவர்கள்தான். ஆண்கள் பெயரில் எழுதப்படும் வரலாறுகள் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அந்தக் கலயத்துக்கு ஒரு வரிக்கு மேல் உரிமை உண்டு.

அப்பள்ளியில் படித்தவர்களில் ஒருவர் காமராசர். தந்தையை இழந்து பள்ளியைப் பாதியில் விட்ட அவர், 1954இல் முதலமைச்சரானார். 1956இல் மதிய உணவை அரசுத் திட்டமாக ஏற்றபோது, செலவில் ஒரு பகுதியை ஊர்மக்களே ஏற்கவேண்டும் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு முன்னின்று நடத்திய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் 1958 முதல் ஊர் ஊராக நடந்தபோது, மக்கள் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம், நிலம் என்று கொண்டுவந்து குவித்தார்கள். ஊர்ப்பணத்தில் பள்ளி நடப்பதைச் சிறுவயதிலேயே கண்ட ஒருவருக்கு அது புது யோசனையாகத் தோன்றியிருக்காது.

அருப்புக்கோட்டையில் இதே மரபு சைவ பானு சத்திரிய என்னும் பெயர் தாங்கிய பள்ளிகளாகவும், 1970இல் கல்லூரியாகவும் விரிந்தது. அதே 1970இல் ஊரின் இன்னொரு பெருஞ்சமூகமான தேவாங்கரும் தங்கள் கலைக் கல்லூரியைத் திறந்தார்கள். நெசவுக்குப் பேர்போன ஒரு சிற்றூர் ஒரே ஆண்டில் இரண்டு கல்லூரிகளைப் பெற்றது. ஒன்றைப் பார்த்து ஒன்று போட்டியிட்டதில் ஆதாயம் பிள்ளைகளுக்கு. விருதுநகரில் செந்திக்குமார நாடார் கல்லூரி 1947இலும் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரி 1962இலும் வந்துவிட்டன.

யார் கொடுத்த பணம்?

மகமையைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இந்தக் கேள்விக்குள் போவதில்லை. கமிஷன் மண்டியில் வத்தல் மூட்டை தராசில் ஏறுகிறது. சம்சாரி திருச்சுழிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியுமுன் வண்டி பூட்டி வந்தவர். எடை போட்டபின் எழுதும் சீட்டில் சாக்குக் கழிவு, தரகு, இறக்குகூலி என்று வரிசையாகப் பிடித்தம் வரும். அந்த வரிசையில் மகமையும் ஒரு வரி. கொடுத்தவர் வணிகர் என்று பேரேடு சொல்லும். சம்சாரியின் கைக்கு வரும் தொகையில் அது ஏற்கெனவே கழிந்திருக்கும். அவர் எந்தச் சாதியாக இருந்தாலும் இப்படித்தான். கூட்டத்தில் அவருக்கு நாற்காலி கிடையாது, கணக்குக் கேட்க வாயும் கிடையாது.

இந்தியச் சந்தைகளில் தர்மத்தின் பேரால் விவசாயியிடம் நடக்கும் இத்தகைய பிடித்தங்களை 1928இல் விவசாயத்துக்கான ராயல் கமிஷன் குறையாகச் சுட்டியது. 1933இல் சென்னை மாகாணம் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்களுக்கு வழி செய்தது. வரித்துறையும் பிறகு இதே கேள்வியை வேறு கோணத்தில் எழுப்பியது: வாங்குபவரிடம் தர்மத்துக்கென்று தனியே வாங்கும் பணம் வியாபாரியின் வருமானமா? ஹத்ராஸ் பிஜ்லி காட்டன் மில்ஸ் வழக்கில் 1979இல் உச்சநீதிமன்றம், அது வருமானம் ஆகாது என்றது. அறத்துக்கென்று பிரித்த அந்தப் பணம் வியாபாரியின் கைக்கு வரும்போதே அறத்தின் கட்டுக்குள் வந்துவிடுகிறது என்பது தீர்ப்பின் சாரம். தமிழ்நாட்டு மகமைகளுக்கும் அத்தீர்ப்பு அரணானது. உறவின்முறைகள் பல, பொது அபிவிருத்தி என்ற பெயர் சேர்த்து அறக்கட்டளைகளாகப் பதிவாயின.

இப்படித் திரண்ட பணத்தில் சுற்றுவட்டாரத்துக் காட்டு விளைச்சலின் பங்கு இருந்ததால், அது கட்டிய பள்ளிகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் படிப்பதில் ஒரு நியாயம் உண்டு. ஆனால் எழுந்த கட்டடங்களில் பெரும்பாலானவை நகரத்தில்தான் நின்றன. திருச்சுழிப் பக்கத்துக் கண்மாய்கள் ஜமீன் சொத்தாக இருந்து, 1948ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பின் அரசின் கைக்குப் போனவை. அவற்றின் கரையைக் காத்தது மகமை அன்று, ஆயக்கட்டுக்காரர்கள் உடலுழைப்பாகச் செய்த குடிமராமத்து. குடிமராமத்து தளர்ந்தபோது கண்மாயில் சீமைக்கருவேலம் ஏறியது.

சங்கங்களின் வருகை

ரோட்டரி 1905இல் சிகாகோவில் பிறந்து, 1919இல் கல்கத்தாவுக்கும் 1929இல் சென்னைக்கும் வந்தது. 1917இல் அமெரிக்காவில் தொடங்கிய லயன்ஸ் இயக்கம் இந்தியாவில் கால் வைத்தது 1956இல். தமிழில் அது அரிமா சங்கம் ஆயிற்று. பெருநகரங்களிலிருந்து மாவட்டத் தலைநகர்களுக்கும், பிறகு அருப்புக்கோட்டை போன்ற தாலுகா ஊர்களுக்கும் இவை பரவின. மருத்துவர், வக்கீல், ஆலை முதலாளி, ஆசிரியர் என்று பல சாதியார் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்தது இந்த ஊர்களுக்குப் புதிது. சங்கங்களின் முதல் சாதனை அதுவே.

பணத்தைக் கையாளும் முறையும் வேறு. அரிமா சங்கத்தில் இரண்டு கணக்குகள் உண்டு. சந்தா நிர்வாகச் செலவுக்கு. பொதுமக்களிடம் திரட்டியது முழுவதும் பொதுமக்களுக்கே போகவேண்டும், அதில் ஒரு டீச் செலவும் எழுதக்கூடாது. கூட்டத்தில் டெயில் ட்விஸ்டர் என்ற பொறுப்பாளர் உறுப்பினர்களிடம் சின்னச் சின்னத் தண்டம் வசூலிப்பார். உறவின்முறைத் தண்டம் ஊரை நடுங்கவைத்தது. இது சிரித்துக்கொண்டே கொடுப்பது. நிதிக்கு நன்கொடைச் சீட்டு, கலைநிகழ்ச்சி, விளம்பரம் வாங்கி வெளியிடும் சிறப்பு மலர் ஆகியவை வழி. ஜூலை முதல் தேதி புதுத் தலைவர் பதவியேற்பார். அடுத்த ஜூனுக்குள் அவர் கணக்கு முடியும்.

இவற்றின் பணிகளில் இந்த வட்டாரத்துக்கு மிகப் பெரிய பலன் தந்தது கண் முகாம். 1925இல் ஹெலன் கெல்லர் விடுத்த வேண்டுகோளை ஏற்றுப் பார்வையற்றோர் பணியை அரிமாக்கள் தங்கள் பணியாகக் கொண்டார்கள். எட்டயபுரம் பக்கத்து வடமலாபுரத்தில் பிறந்த கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முகாமை அந்தந்த ஊர்ச் சங்கம் ஏற்று நடத்த, மருத்துவமனை சிகிச்சை தருவது என்ற ஏற்பாடு உருவானது. இடம், விளம்பரம், தொண்டர்கள் சங்கத்தின் பொறுப்பு. அறுவை சிகிச்சை, லென்ஸ், சாப்பாடு, போய்வரும் பேருந்து மருத்துவமனையின் பொறுப்பு. இலவச சிகிச்சை என்று அறிவித்தும் ஏழைகள் வராமல் இருந்ததற்குப் பேருந்துக் காசும் கூடவருபவரின் கூலி இழப்புமே காரணம் என்று கண்டபிறகு வந்த ஏற்பாடு இது.

முகாமுக்கு முந்தைய நாள் ஆட்டோவில் ஒலிபெருக்கி கிராமம் கிராமமாகப் போகும். ஞாயிறு காலை பள்ளி வராண்டாவில் பாட்டிமார் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். டார்ச் வெளிச்சத்தில் கண் பார்த்து, சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சோதித்து, புரை முற்றியவர்களை அன்றே பேருந்தில் ஏற்றுவார்கள். மாற்று உடுப்பு இருக்கிற மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ‘என்னிக்குத் திரும்பக் கொண்டாந்து விடுவீக?’ என்று கேட்பார் ஓர் அம்மா. 1992இல் மதுரையிலேயே அரவிந்தின் ஆரோலேப் நிறுவனம் லென்ஸ் செய்யத் தொடங்கி விலை வெகுவாகக் குறைந்தபின், தடித்த கண்ணாடி இல்லாமலே அவர்கள் ஊர் திரும்பினார்கள். போலியோ ஒழிப்பில் ரோட்டரியின் பங்கும் இங்கே நினைக்கத் தக்கது. இந்தியாவின் கடைசி நோயாளி பதிவானது 2011 ஜனவரி 13. நாடு போலியோ அற்றதெனச் சான்று பெற்றது 2014 மார்ச் 27.

இன்றைய நிலை

மண்டி வியாபாரம் பழைய அளவில் இல்லை. வத்தலும் மல்லியும் குளிர்பதனக் கிடங்குகளுக்கும் வெளியூர் நிறுவனங்களுக்கும் நேரே போகின்றன. மூட்டையை எண்ணிப் பிரிக்கும் மகமை அந்த அளவுக்குச் சுருங்குகிறது. மகமையில் கட்டிய கடைகளின் வாடகை, கல்யாண மண்டப வருவாய், சுயநிதிப் பள்ளி கல்லூரிகளின் கட்டணம் ஆகியவை அந்த இடத்தை நிரப்புகின்றன. ஒருகாலத்தில் இலவசக் கல்வி தந்த நிதியின் நிறுவனங்களில் கட்டணமும் வருவாயாகியிருப்பது, அந்தந்த ஊர் உறவின்முறைகள் தங்கள் கூட்டத்தில் பேசித் தீர்க்கவேண்டிய விஷயம்.