நடப்பது மட்டும்தான் மீட்சியா?

1983 ஜூன் மாதம், அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு விழா. நேன் டேவிஸ் என்ற மாணவி சக்கர நாற்காலியிலிருந்து எழும்பி, சில அடிகள் நடந்து போய்த் தன் பட்டத்தை வாங்கினார். 1978இல் நடந்த கார் விபத்தில் முள்ளந்தண்டு வடம் பாதிக்கப்பட்டு அவருடைய கால்கள் செயலிழந்திருந்தன. அவரை நடக்க வைத்தது மின்சாரம். அந்தக் காட்சி உலகமெல்லாம் போனது. 1985இல் அவருடைய கதை ரி.வி. படமாகவும் வந்தது.

நாங்கள் கேட்க வேண்டியது, அந்தக் காட்சிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதைத்தான்.

தவளையின் காலில் மின்சாரம் பட்டால் தசை துடிக்கும் என்று இத்தாலியில் கல்வானி எழுதி வெளியிட்டது 1791இல். ஒஹாயோவில் பேராசிரியர் ஜெரோல்ட் பெட்ரோஃப்ஸ்கி செய்ததும் அடிப்படையில் அதுதான். மூளையிலிருந்து வரும் கட்டளை முள்ளந்தண்டில் அறுபட்டுப் போனாலும், கீழே தசையும் அதற்குப் போகிற நரம்பும் உயிரோடுதான் இருக்கு. தோலில் மின்வாய்களை ஒட்டி, எந்தத் தசை எப்போது சுருங்க வேண்டும் என்று கணினி முடிவு செய்தது. ஆனால் இப்படித் தூண்டப்படும் தசை சீக்கிரம் களைத்துப் போகும். சமநிலையும் தானாக வராது, பக்கத்தில் ஆள் பிடிக்க வேண்டும். பொய்யான நம்பிக்கை கொடுக்கிறார்கள் என்று அப்போதே விமர்சனம் வந்தது. அந்த ஆய்வின் வழியில் வந்து நிலைத்தது நடக்க வைக்கிற கருவி அல்ல, மின்தூண்டலில் கால் மிதிக்கிற உடற்பயிற்சி சைக்கிள். அது செய்தியாகவில்லை. ஆனால் தசையையும் இதயத்தையும் பாதுகாக்க இன்றும் பயன்படுது.

இன்னொரு பாதையும் இருந்தது. மூளையோடு தொடர்பு துண்டிக்கப்பட்ட பூனையின் முள்ளந்தண்டு வடமே நடையின் தாளத்தை உருவாக்கும் என்று 1911இல் கிரஹாம் பிரவுன் காட்டியிருந்தார். அப்படியென்றால் தசையை ஏன் வெளியிலிருந்து இழுக்க வேண்டும்? வடத்தையே எழுப்பினால் போதாதா? நூறு வருசம் கழித்து, 2011இல், லூயிவில் பல்கலைக்கழகக் குழு அதைச் செய்தது. ரொப் சம்மர்ஸ் என்ற பேஸ்போல் வீரரை 2006இல் கார் மோதியிருந்தது. வலி குறைக்கவென்று தயாரிக்கப்பட்ட 16 மின்வாய்க் கருவியை அவருடைய முதுகில் பொருத்தினார்கள். நீண்ட பயிற்சிக்குப் பிறகு அவர் எழும்பி நின்றார். கருவி வேலை செய்யும்போது தானே நினைத்துக் காலை அசைத்தார். சிறுநீர்ப்பைக் கட்டுப்பாடும் பாலியல் செயற்பாடும் மேம்பட்டதாக அந்த ஆய்வறிக்கையே சொன்னது. செய்திகள் பெரிசாகப் பேசியது எழும்பி நின்றதைத்தான்.

அதற்கு ஏழு வருசம் முன்பே, 2004இல், கிம் அண்டர்சன் என்ற ஆய்வாளர் மிக எளிய ஒரு கேள்வியைக் கேட்டிருந்தார்: உங்களுக்கு எது திரும்பி வர வேண்டும்? அவரும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்தான். 681 பேர் பதில் சொன்னார்கள். கை கால் நான்கும் செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது கையை. கால் மட்டும் செயலிழந்தவர்கள் முதலில் கேட்டது பாலியல் வாழ்க்கையை. சலம், மலத்தைக் கட்டுப்படுத்துவதும் இரு தரப்புக்கும் முக்கியமாக இருந்தது. நடை இரு தரப்பின் பட்டியலிலும் முதலாவதாக இல்லை.

இதற்காக நடக்க ஆசைப்படுவது பிழை என்று நாங்கள் சொல்ல வரவில்லை. 2018இல் லோசான், லூயிவில், மின்னசோட்டாவின் ரொசெஸ்டர் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும் முள்ளந்தண்டுத் தூண்டலோடு சிலர் அடியெடுத்து வைத்த செய்தி வந்தது. 2023இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கெர்ட்-யான் ஒஸ்காம், மூளையையும் முள்ளந்தண்டையும் இணைக்கும் கருவியோடு படியேறினார். இவை உண்மையான வெற்றிகள். ஆனால் 2024 டிசம்பரில், முள்ளந்தண்டைத் தோலுக்கு மேலாகவே தூண்டும் ஒரு கருவிக்கு அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது கைகளுக்காக. அந்த 681 பேருக்கு ஒரு பதில் வர 20 வருசம் எடுத்திருக்கு.

எங்கட வடக்கு கிழக்கிலும் போரில் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எழுதும்போது "மீண்டும் நடப்பாரா?" என்றுதான் நாங்களும் முதலில் கேட்கிறம். படுக்கைப் புண் வராத மெத்தை, சக்கர நாற்காலி போகக்கூடிய மலசலகூடம், சாய்தளம் உள்ள வகுப்பறை, இவற்றைப் பற்றிக் கேட்க ஒரு ஆய்வுகூடமும் தேவையில்லை. என்ன வேணும் என்று அவர்களிடமே கேட்டால் போதும்.