குடிபெயர்ந்தோர் மக்களும் கிராமப் பள்ளியும்

ஊர்விட்டு ஊர் சென்று வாழும் குடும்பத்தில் பெற்றோர்க்குப் புதிய ஊர் என்பது தொழில் செய்யும் இடம். பிள்ளைகட்கோ அது பள்ளிக்கூடம். கடையிலும் சந்தையிலும் அரைகுறை மொழியோடு பெரியவர்கள் காலம் தள்ளிவிடலாம். பள்ளியில் அமர்ந்திருக்கும் ஆறு வயதுக் குழந்தைக்கு அவ்வழி இல்லை. ஆசிரியர் சொல்வது விளங்கினால் அவ்வூர் அதற்குச் சொந்த ஊராகும். விளங்காவிடில், அங்கேயே பிறந்திருந்தாலும் அஃது அயலூரே. ஆகவே, குடிபெயர்ந்த மக்களின் வரலாற்றை அறிய விழைவோர் அவர்கள் ஈட்டிய பொருளை மட்டும் கணக்கிட்டால் போதாது. அவர்தம் பிள்ளைகள் எப்பள்ளியில், எம்மொழியில், எவ்வாறு பயின்றனர் என்பதையும் நோக்குதல் வேண்டும்.

நாம் வாழும் மட்டாஞ்சேரி, வந்து குடியேறியோரால் வளர்ந்த ஊர். கோவாவில் போர்த்துகீசியர் இழைத்த கொடுமைக்கு அஞ்சிப் பதினாறாம் நூற்றாண்டில் வந்த கொங்கணியர், 1568-இல் தொழுகைக் கூடம் எழுப்பிய பரதேசி யூதர், கடல் வாணிகம் நாடி வந்த குசராத்தியர், கச்சு நாட்டு மேமன்கள் எனப் பல மொழியினர் சில தெருக்களுக்குள் ஒருங்கே வாழ்ந்துள்ளனர். தமிழரும் அவ்வாறே வந்தனர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுக்க அழைத்துவரப்பட்டோர் என்று சொல்லப்படும் வண்ணார் பெருமக்கள், கொச்சிக் கோட்டையை அடுத்த வெளி என்னும் பகுதியில் அத்தொழிலை வழிவழியாக நடத்தி வருகின்றனர். அவர்கட்கென 1976-இல் அமைந்த பொதுச் சலவைக்கூடம் ஊரறிந்தது.

கல்வியிலும் இவ்வூர் பிற்பட்டதன்று. 1818-ஆம் ஆண்டிலேயே டாசன் என்னும் பாதிரியார் அரசின் உதவியோடு இங்கே ஓர் ஆங்கிலப் பள்ளியைத் தொடங்கினார். பிற்காலத்தில் கொங்கணியர் திருமலை தேவஸ்வத்தின் சார்பிலும், குசராத்தியர் தம் சமூகத்தின் சார்பிலும் பள்ளிகள் நிறுவினர். கோயிலும் வாணிகமும் கைவசமிருந்த சமூகத்தார்க்கு இஃது இயன்றது. தோள்வலி ஒன்றையே முதலாகக் கொண்டு வந்த தொழிலாளர்க்கு இயலுமா? அவர்தம் பிள்ளைகள் அருகிலுள்ள பள்ளியின் வாயிலில் சென்று நின்றனர். அவ்வாறு நிற்கும் பிள்ளையைப் பள்ளி எங்ஙனம் ஏற்க வேண்டும் என்பதே நாம் ஆராயத்தக்க வினா.

இவ்வினாவிற்கு விடை காணக் கடல் கடந்த தமிழரின் வரலாறு பெரிதும் துணைசெய்யும். இலங்கையில் 1907-ஆம் ஆண்டின் நாட்டுப்புறப் பள்ளிச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள பிள்ளைகட்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் பொறுப்பைத் தோட்டத் துரைமார்மீது சுமத்தியது. மலேயாவில் 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே அத்தோட்டத்தில் பள்ளி நடத்த வேண்டும் என்று பணித்தது. இவற்றின் பயனாக லயன் வீடுகளுக்கு அருகே ஓரறைப் பள்ளிகள் தோன்றின. கங்காணியோ கிராணியோ ஓய்ந்த நேரத்தில் ஆசிரியராக அமர்ந்த பள்ளிகளும் உண்டு.

குறையுடையவையாயினும் அப்பள்ளிகள் தமிழைக் காத்தன என்பதை மறுக்க இயலாது. மலேசியாவில் இன்றும் ஐந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்ப் பள்ளிகள் இயங்குவது அதற்குச் சான்று. ஆனால், அன்றைய தோட்டப் பள்ளியின் பாடம் முடிந்ததும் பிள்ளைக்குத் திறந்திருந்த வாயில் பெரும்பாலும் தோட்ட வேலையே. இலங்கையில் அப்பள்ளிகள் 1970-களின் பிற்பகுதியிலிருந்துதான் படிப்படியாக அரசின் பொறுப்பில் முழுமையாக வந்தன. மலேசியாவில் தமிழ்ப் பள்ளியிலிருந்து மலாய்மொழி இடைநிலைப் பள்ளிக்குச் செல்லும் மாணவர்க்கென ஓராண்டுப் ‘புகுமுக வகுப்பு’ அமைக்கப்பட்டது. சொந்த மொழி மட்டும் இருந்து, அதிலிருந்து ஊர்மொழிக்குச் செல்லப் பாலம் இல்லாவிடில் பிள்ளை வேலிக்குள் நின்றுவிடும் என்பதை அவ்வனுபவம் நமக்கு உணர்த்துகிறது.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. ஊர்மொழிப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டு, நீரில் தள்ளினால் நீந்தக் கற்கும் என்று விட்டுவிடுவதே அது. தமிழும் மலையாளமும் உடன்பிறந்த மொழிகள். தமிழ்ப் பிள்ளைக்கு என்ன தடை என்று சிலர் கேட்பர். உறவு நெருங்கிய இடத்தில்தான் இடறலும் மிகுதி. ‘வெள்ளம்’ என்று ஆசிரியர் சொன்னால் நம் குழந்தை கரை புரண்டோடும் ஆற்றை நினைக்கும். மலையாளத்தில் அது குடிநீர். தன் தாத்தாவின் ஊர் ஆண்டிப்பட்டி என்று ஒரு பிள்ளை பெருமையோடு சொல்லும். ‘பட்டி’ என்பது மலையாளத்தில் நாயைக் குறிப்பதால் வகுப்பே நகைக்கும். அந்நகைப்பில் தீங்கு இல்லாதிருக்கலாம். எனினும், அதற்குப் பின் அப்பிள்ளை தன் ஊர்ப் பெயரைச் சொல்லுமா? வாய் மூடிய பிள்ளை மந்தம் என்று பெயரெடுக்கும். மந்தம் என்ற பெயரெடுத்த பிள்ளை பள்ளியைவிட்டு நிற்கும். எத்தனை குடும்பங்களில் இவ்வாறு நிகழ்ந்தது என்பதை நம் காலனியின் மூத்தோர் அறிவர்.

இவ்விரு குறைகளுக்கும் மாற்று, தொலைவில் இல்லை; நம் எறணாகுளம் மாவட்டத்திலேயே அண்மைக் காலத்தில் செய்துகாட்டப்பட்டது. கேரளத்திற்கு வேலை தேடி வந்தோருள் நெடுங்காலம் தமிழரே மிகுந்திருந்தனர். பின்னர் வங்காளம், பீகார், ஒடிசா, அசாம் முதலிய மாநிலத்தார் பெருகினர். 2013-ஆம் ஆண்டில் திருவனந்தபுரத்துக் குலாட்டி நிதி, வரிவிதிப்பு ஆய்வு நிறுவனம் மேற்கொண்ட ஆய்வு, வெளிமாநிலத் தொழிலாளர் தொகையை ஏறத்தாழ 25 இலட்சம் என மதிப்பிட்டது. அவர்களுட் சிலர் குடும்பத்தோடு வந்தனர். பிள்ளைகளும் உடன் வந்தனர்.

ஆலுவாவை அடுத்த எடையாறு தொழிற்பேட்டைப் பகுதியில் பினானிபுரம் என்னும் சிற்றூர் உண்டு. துத்தநாக ஆலை ஒன்றை அங்கு நிறுவிய வடநாட்டு வணிகக் குடும்பத்தின் பெயரே ஊருக்கும் அமைந்தது. ஆலையின் இயக்கம் நின்றுவிட்டது. வந்தவர் பெயரோ ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்டது! அங்குள்ள அரசினர் உயர்நிலைப் பள்ளியில், சுற்றுப்புறத் தொழிற்கூடங்களில் உழைப்போரின் பிள்ளைகள் பலர் சேர்ந்தனர். மலையாளம் அறியாத பிள்ளைகளும், பிள்ளைகளின் மொழி அறியாத ஆசிரியர்களும் எதிரெதிரே அமர்ந்திருக்கும் நிலை ஏற்பட்டது.

அந்நிலையை மாற்ற, 2017-ஆம் ஆண்டில், முகம்மது சபீருல்லா மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, ‘ரோஷ்ணி’ என்னும் திட்டம் இப்பள்ளியை முன்மாதிரியாகக் கொண்டு தொடங்கப்பெற்றது. ‘ஒளி’ என்பது அப்பெயரின் பொருள். அதன் முறை எளியது. வழக்கமான வகுப்புத் தொடங்குமுன் காலையில் ஒரு தனி வகுப்பு. அதனோடு சிற்றுண்டியும் உண்டு. மலையாளத்தோடு பிள்ளைகளின் மொழியும் தெரிந்த தொண்டர் ஒருவர் அவ்வகுப்பை நடத்துவார். பிள்ளை அறிந்த மொழியில் பேச்சைத் தொடங்கி, சொல் சொல்லாக, தொடர் தொடராக மலையாளத்திற்கு அழைத்துச் செல்வார். பசியாறிய வயிறும் அச்சம் தீர்ந்த மனமும் கொண்டு அப்பிள்ளைகள் பொது வகுப்பில் நுழைந்தனர். இம்முறை பின்னர் மாவட்டத்தின் வேறு பல பள்ளிகளுக்கும் விரிந்தது.

இங்கே நாம் கருதத்தக்கது யாது? வந்த பிள்ளைகட்கு அங்குத் தனிப்பள்ளி கட்டவில்லை. உள்ளூர்ப் பிள்ளைகளோடு ஒரே கூரையின்கீழ் அமர்ந்தே அவர்கள் பயின்றனர். அவர்தம் தாய்மொழியை வாயிலில் விட்டு வருமாறும் சொல்லவில்லை. அதையே ஊர்மொழிக்கு ஏறும் படியாக ஆக்கினர். தோட்டப் பள்ளி தாய்மொழியைத் தந்தது, பாலத்தைத் தரவில்லை. ஊர்ப்பள்ளி இடத்தைத் தந்தது, தாய்மொழிக்கு இடம் தரவில்லை. இரண்டையும் ஒருசேரத் தந்தபோதுதான் பிள்ளை அப்பள்ளியை ‘என் பள்ளி’ என்று சொல்லும் நிலை பிறக்கிறது.

இது பிறர் இரக்கத்தால் பெறும் சலுகை அன்று. சட்டம் வகுத்த நெறி. மொழிச் சிறுபான்மையினரின் பிள்ளைகட்குத் தொடக்கநிலையில் தாய்மொழிக் கல்விக்கு வசதி செய்ய மாநிலங்கள் முயல வேண்டும் என, 1956-ஆம் ஆண்டின் ஏழாம் திருத்தத்தால் சேர்ந்த 350-அ பிரிவில் அரசியலமைப்பு கூறுகிறது. 2009-இல் நிறைவேறி 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமோ, ஆறு முதல் பதினான்கு வயதுவரை எப்பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கச் சொல்கிறது. வயதுச் சான்று இல்லை என்றோ, பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ காரணம் காட்டிச் சேர்க்கை மறுத்தல் ஆகாது. ஊரிலிருந்து புதிதாக வரும் உறவினர்க்கு இதனை எடுத்துரைப்பது நம் ஒவ்வொருவர் கடமையாகும்.

சட்டம் வாயிலைத் திறக்கும். உள்ளே கைபிடித்து அழைத்துச் செல்ல மனிதர் வேண்டும். நம் காலனியில் இரு மொழியும் நன்கறிந்த கல்லூரி மாணவரும் மாணவியரும் பலர் உளர். காலையில் ஒரு மணி நேரம் அவர்கள் அருகிலுள்ள பள்ளிக்கு உதவ முன்வந்தால், புதிதாய்ச் சேரும் தமிழ்ப் பிள்ளைகட்கு அதைவிடப் பெரிய துணை வேறில்லை. விடுமுறை நாளில் நம் சங்கத்தில் தமிழ் எழுத்தும், பள்ளி நாளில் மலையாளமும் கற்கும் பிள்ளை இரண்டு மொழிக்கும் உரிமையாளனாகும்.

இன்னுமொரு சொல். இன்று நம் தெருக்களில் வங்காளியும் அசாமியனும் வாடகை அறை தேடி நிற்கின்றனர். அவர்தம் பிள்ளைகள் இன்று நிற்கும் பள்ளிப் படியில்தான் நேற்று நம் பிள்ளைகள் நின்றனர். அப்படியின் உயரம் எவ்வளவு என்பதை நம்மினும் நன்கறிந்தார் யார்? நம் பிள்ளைகட்குச் செய்யும் துணையை அப்பிள்ளைகட்கும் செய்வோமாயின், வந்தாரை வாழவைத்த மட்டாஞ்சேரிக்கு நாம் பட்ட கடனில் ஒரு பகுதியேனும் தீரும்.