எண்ணப்பட்டவரும் எண்ணப்படாதவரும்

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போனவர்களை ஆட்சியாளர் எண்ணிய வரலாறு விந்தையானது. அவர்களை மிகக் கவனமாக எண்ணியவர்கள், அவர்கள் உழைப்பால் ஆதாயம் கண்டவர்களே.

இலங்கைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழகத் தொழிலாளரை எடுத்துக்கொள்வோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் கையில் தகரச் சீட்டு ஒன்று தரப்பட்டது. போய்ச் சேரவேண்டிய தோட்டத்தைக் குறிக்கும் எண் அதில் பொறிக்கப்பட்டிருந்தது. மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காகத் தங்கவைக்கப்பட்ட பின்னரே அவர்கள் கடல் கடந்தனர். ஒரு தோட்டத்தைவிட்டு மற்றொன்றுக்குப் போகவேண்டுமானால் ‘துண்டு’ வேண்டும். தொழிலாளி பட்ட கடனைச் சொல்லும் அந்தத் தாளைக் கங்காணியும் துரையும் தம்முள் கைமாற்றிக்கொண்டனர். 1921இல்தான் சட்டம் அதனை ஒழித்தது. அந்நாளில் கணக்குக்குக் குறைவில்லை. கணக்கு முதலாளிக்கு உரியதாக இருந்தது என்பதே குறை.

விடுதலை பெற்ற இந்தியாவில் நிலைமை தலைகீழாயிற்று. நாடெங்கும் தடையின்றிச் செல்லும் உரிமையை அரசமைப்புச் சட்டம் அளித்தது. எல்லையில் நிறுத்தி எண்ணுவாரில்லை. எஞ்சியது பத்தாண்டுக்கு ஒருமுறை நிகழும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. பிறந்த ஊரை மட்டும் கேட்டுவந்த அக்கணக்கெடுப்பு, 1971இல் கடைசியாக வாழ்ந்த ஊரையும், 1981இல் இடம்பெயர்ந்த காரணத்தையும் கேட்கத் தொடங்கியது. 2011இல் கிடைத்த தொகை 45 கோடிக்கும் மேல். ஆயின் அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் திருமணத்தால் இடம்பெயர்ந்தவர்கள். மணமாகிப் போன ஊரில் களையெடுக்கும் பெண்ணும், கட்டடத்தில் கல் சுமக்கும் பெண்ணும் ‘திருமணம்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்துபோயினர். பருவந்தோறும் மராட்டிய மாநிலத்தின் பீடு மாவட்டத்திலிருந்து கரும்பு வெட்டப் போவோரும், ஒடிசாவின் பலாங்கீரிலிருந்து செங்கற்சூளைக்குப் போவோரும் ஆண்டுதோறும் போய் வருபவர்கள். பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் கணக்கில் இந்தப் போக்குவரத்து எவ்வாறு அகப்படும்?

தேசிய மாதிரி ஆய்வு இக்குறையைப் போக்க முயன்றது. 1999-2000இல், இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரை வெளியூரில் வேலைக்கிருந்தவரைக் குறுகியகாலப் பெயர்வாளர் என்றனர். 2007-08இல் அந்தக் கீழ்வரம்பு ஒரு மாதமாயிற்று. வரையறை மாறியதும் ஒப்பிடும் வழி அடைபட்டது. 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையோ முன்பதிவில்லாத இரயில் பயணங்களைக் கொண்டு, மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் ஆண்டுக்குச் சராசரியாக 90 இலட்சம் என மதிப்பிட்டது. நல்ல முயற்சிதான். எனினும் பயணச்சீட்டு தன்னை வைத்திருப்பவர் கொத்தனாரா மாணவரா என்று சொல்வதில்லை.

இவற்றுக்கிடையே 1979இல் மாநிலங்களிடைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஐவர் அல்லது அதற்கு மேற்பட்டோரை அழைத்து வரும் ஒப்பந்தக்காரர் உரிமம் பெறவேண்டும், ஒவ்வொருவருக்கும் நிழற்படத்தோடு கையேடு தரவேண்டும் என்றது அது. பதிந்தால் படியும் பயணச்செலவும் தரவேண்டும், பதியாவிட்டால் கேட்பாரில்லை. ஏடு எப்படி நிரம்பும்? தாமாகவே வண்டியேறி வந்தவரோ அந்தச் சட்டத்தின் பார்வைக்கே வரவில்லை.

இதன் விலை 2020இல் தெரிந்தது. மே 8 அன்று அவுரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்து களைத்துத் தண்டவாளத்தில் உறங்கிய 16 தொழிலாளர் சரக்கு இரயிலில் அடிபட்டு இறந்தனர். அந்தச் செப்டம்பரில் நாடாளுமன்றத்தில், ஊர் திரும்பியோர் ஒரு கோடிக்கும் மேல் எனக் கூறிய அரசு, வழியில் மாண்டோர் பற்றிய தரவு இல்லை என்றது. உச்ச நீதிமன்றம் வலியுறுத்திய பின், 2021 ஆகஸ்டில் ‘இ-ஷ்ரம்’ பதிவேடு தொடங்கிற்று. அதில் 30 கோடிக்கும் மேற்பட்ட அமைப்புசாராத் தொழிலாளர் பதிந்துள்ளனர். ஆயினும் பதிந்த நாளில் இருந்த ஊரில்தான் இன்றும் இருக்கிறார் என்று எப்படிக் கொள்வது?

செய்யவேண்டியவை அரியன அல்ல எனக் கருதுகிறோம். மாறாத வரையறையோடு ஆண்டுதோறும் மாதிரி ஆய்வு வேண்டும். புறப்படும் ஊரிலும் வேலைசெய்யும் ஊரிலும் கேட்கவேண்டும். அவர்கள் மொழியிலேயே கேட்கவேண்டும். காரணம் ஒன்றைமட்டும் குறிக்காது, செய்யும் வேலையையும் குறிக்கவேண்டும். வெளியூரில் அரிசி வாங்க உதவும் பங்கீட்டு அட்டைபோல், பதிவதால் தொழிலாளிக்குப் பயன் விளையவேண்டும். பயனிருந்தால் இருக்குமிடத்தை அவரே வந்து சொல்வார்.

அதே வேளையில் பழைய ‘துண்டு’ நம் நினைவில் நிற்கட்டும். பதிவேடு தொழிலாளியைத் தேடிப் பிடிக்கும் கருவியாகிவிட்டால், அவர் மீண்டும் ஒளிந்துகொள்வார். தன் பெயர் எதற்காக எழுதப்படுகிறது என்பதை அவர் அறிந்திருக்கவேண்டும். அதுவே நம்பத்தகுந்த கணக்கின் முதற்படி.